நியூஸ் என்றால் நான்கு திசையா?

பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு ஆசிரியர் இதைச் சொல்லியிருப்பார். நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்று நான்கு திசையிலிருந்தும் சேதி வருகிறது, அதனால்தான் அதற்கு நியூஸ் என்று பெயர். முதலெழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கச்சிதமாகப் பொருந்தும். எனக்கும் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது, ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி உள்ளவர்கள்கூட நம்புகிறார்கள். ஆனால் இது தவறு.

உண்மை மிக எளிமையானது. நியூ என்றால் புது. அதற்குப் பன்மை விகுதி சேர்த்தால் நியூஸ், அதாவது புதியவை. பிரெஞ்சுக்காரர்கள் சேதிக்கு நூவெல் என்று, புதியவை என்ற பொருளிலேயே சொல்லிவந்ததைப் பார்த்து, ஐந்நூறு அறுநூறு வருஷங்களுக்கு முன்பே ஆங்கிலேயர்களும் அதே மாதிரி ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள். பழைய ஏடுகளில் இதை ஐந்து எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், நடுவில் ஒரு ஐ வைத்து எழுதியிருக்கிறார்கள், எழுத்துக்கூட்டலே நிலைபெறாத காலம் அது. நான்கு எழுத்தும் ஒழுங்காக உட்கார்ந்தால்தானே நான்கு திசைக் கதை நிற்கும்?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பார்த்தால் "என்ன புதினம்?" என்றுதான் கேட்பார்கள். புதினம் என்றால் அங்கே சேதி. அதே சொல் தமிழ்நாட்டில் நாவலைக் குறிக்கிறது. நாவல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அடியில் இருப்பது புதியது என்று பொருள்படும் லத்தீன் சொல்தான். புது என்ற ஒரே எண்ணத்திலிருந்து சேதியும் கதையும் இரண்டு மொழியிலும் கிளைத்திருக்கின்றன. நாலு திசைக் கதையைவிட எனக்கு இது நூறு மடங்கு அழகாகத் தெரிகிறது.

நியூஸுக்கு மட்டும் இப்படி ஆகவில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் பிறந்ததாகச் சொல்லும் கதைகள் ஒரு பெரிய கும்பலாகவே உலவுகின்றன. கோல்ஃப் என்பது ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை என்று பொருள்படும் நான்கு சொற்களின் முதலெழுத்தாம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இல் போட்ட ஒரு சட்டத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஜனங்கள் வில்வித்தையைப் பழகாமல் கால்பந்திலும் கோல்ஃபிலும் பொழுதைக் கழிக்கிறார்கள், இரண்டையும் நிறுத்துங்கள் என்பது இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்துச் சட்டம். பந்தடிக்கும் கோலைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லோடு அதற்கு உறவு இருக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஹோட்டலில் வைக்கும் டிப்ஸ் விஷயமும் இதேதான். சீக்கிரம் பரிமாறுவதற்காக என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது என்பார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில் டிப் என்றால் கொடு, கைமாற்று என்று பொருள். அங்கிருந்துதான் அது கடைக்கும் விடுதிக்கும் வந்தது.

இந்தக் கும்பலில் இந்தியாவோடு ஒட்டிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. போஷ் என்று பணக்காரத் தோரணையைச் சொல்கிறோமே, அது கப்பல் டிக்கெட்டில் அச்சடித்த நான்கு எழுத்தாம், போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம் என்பதன் சுருக்கமாம். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறையும், திரும்பிப் போகும்போது வலப்பக்க அறையும் வெயில் படாமல் குளுமையாக இருக்குமாம், காசுள்ளவர்கள் அப்படிக் கேட்டு வாங்குவார்களாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த எழுத்துகள் அச்சடித்த ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் பழைய ஆவணங்களிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்தக் கதைகளை மொத்தமாகச் சந்தேகப்பட ஒரு நல்ல காரணம் உண்டு. முதலெழுத்துகளைக் கோத்து, அதையே ஒரு சொல்லாக வாய்விட்டு உச்சரிப்பது 20ஆம் நூற்றாண்டின் பழக்கம். இரண்டு உலகப் போர்களும், அப்போது பெருகிய அரசுத் துறைகளும் ராணுவப் பிரிவுகளும் கொண்டுவந்த பழக்கம் என்றே சொல்லலாம். ராடார் 1940இல் வந்தது, லேசர் 1950களின் கடைசியில் வந்தது. இப்படிப்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அக்ரோனிம் என்ற பெயரே 1940களில்தான் பரவியது. அதற்குப் பல நூறு வருஷம் முந்தைய ஒரு சொல்லுக்கு முதலெழுத்துக் கதை சொன்னால், அந்தக் கதையை யாரோ பின்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, எது உண்மை என்று எப்படித் தெரிகிறது? காகிதத்தால்தான் தெரிகிறது. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தார் ஒரு பெரிய ஆங்கில அகராதிக்கு, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி என்று பெயர்பெற்றதற்கு, திட்டம் போட்டபோது அவர்கள் எடுத்த முடிவு, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எழுத்தில் வந்த இடங்களைத் தேதியோடு திரட்டுவது. ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு துண்டுத்தாளில் சொல், அது வரும் வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு என்று எழுதித் தபாலில் அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே தன் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகையைக் கட்டி, அதில் சின்னச் சின்ன மாடங்கள் அமைத்து அந்தச் சீட்டுகளை அடுக்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கு வந்துபோகும் கடிதங்களின் அளவைப் பார்த்து, தபால் துறை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு தபால் பெட்டியை நட்டுவைத்தது. முதல் பகுதி 1884இல் வந்தது, வேலை முடிந்தது 1928இல். மர்ரே 1915இலேயே இறந்துவிட்டார். 4,14,825 சொற்கள், 18 இலட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். கணினி இல்லாத காலத்தில், ஊதியம் வாங்காதவர்கள் பலர் சேர்ந்து செய்த வேலை இது என்று நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

அந்தச் சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கினால் ஒரு சொல் எப்படி ஊர் மாறி, உடை மாறி வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். நைஸ் என்று இன்று எதையெல்லாம் சொல்கிறோம்! 14ஆம் நூற்றாண்டில் ஒருவரை நைஸ் என்றால் அவர் முட்டாள், ஏனென்றால் அதன் லத்தீன் மூலத்துக்கு அறியாதவன் என்று பொருள். சில்லி என்பது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. முதலில் அருள் பெற்றவர், பிறகு அப்பாவி, பிறகு பரிதாபத்துக்குரியவர், கடைசியில் அசடு. கேர்ள் என்ற சொல் பழைய நாளில் ஆண்பிள்ளையையும் சேர்த்துத்தான் குறித்தது. பூவின் மணத்தையும் நாற்றம் என்று சொன்ன மொழிக்காரர்கள் நாம், நமக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை.

இப்போது ஓகேவுக்கு வருகிறேன். உலகத்தில் அநேகமாக எல்லா ஊரிலும் புரியும் சொல், நம் கிராமத்துப் பாட்டிகள்கூடச் சொல்கிற சொல். இதற்கும் டஜன் கணக்கில் கதைகள் உண்டு. கிரேக்க மொழியில் எல்லாம் நலம் என்ற தொடரின் சுருக்கம் என்பார்கள், ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆமாம் என்பார்கள், அமெரிக்கப் பழங்குடிகளான சோக்டா மக்களின் சொல் என்பார்கள். கடைசியாகச் சொன்னதை அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனே நம்பினார். கோப்புகளில் ஒப்புதல் தரும்போது அந்தப் பழங்குடிச் சொல்லின் எழுத்துக்கூட்டலில்தான் எழுதுவாராம்.

விடையைக் கண்டுபிடித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய நாளிதழ்களை ஆண்டுக்கணக்கில் புரட்டி, 1963, 1964இல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். அவர் காட்டியது இது. 1838 வாக்கில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு பரவியிருந்தது, சாதாரணத் தொடர்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டி, அந்தத் தப்பான முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவது. நோ யூஸ் என்பதற்கு கே, ஒய் என்று போடுவார்கள். ஆல் ரைட் என்பதற்கு ஓ, டபிள்யூ. இன்றைய இளைஞர்கள் செல்பேசியில் சொற்களைக் கடித்துக் குதறி அனுப்புகிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அன்றைக்கு அதைச் செய்தவர்கள் பத்திரிகை ஆசிரியர்கள். 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் இதழின் இரண்டாம் பக்கத்தில், ஆல் கரெக்ட் என்பதன் கிறுக்கு வடிவமான ஓல் கொரெக்ட் என்பதற்குச் சுருக்கமாக ஓகே முதன்முதலில் அச்சில் ஏறியது.

அந்த விளையாட்டுச் சுருக்கங்கள் எல்லாம் இரண்டொரு வருஷத்தில் செத்துப்போயின. ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு தேர்தல். 1840இல் இரண்டாம் முறை ஜனாதிபதி பதவிக்கு நின்ற மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்தவர். அவரை ஓல்டு கிண்டர்ஹூக் என்று அவருடைய ஆட்கள் அழைத்தார்கள், அதன் முதலெழுத்துகளும் ஓகே என்று அமைந்ததால் நியூயார்க்கில் ஓகே கிளப் என்றே ஒன்று தொடங்கிவிட்டார்கள். எதிர்க்கட்சியினர் அதே எழுத்துகளுக்கு வேறு வேறு வசவுகளை விரித்துச் சொன்னார்கள். இரண்டு பக்கத்துக் கூச்சலிலும் நாடு முழுக்க அந்த இரண்டு எழுத்து பரவியது. வான் பியூரன் தோற்றுப்போனார், அவருடைய ஓகே நின்றுவிட்டது.

கவனித்தீர்களா, இதுவும் முதலெழுத்துக் கதைதான். இத்தனை கதைகளைத் தள்ளிவிட்டு இதை மட்டும் ஏன் ஏற்கிறோம் என்றால், பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் எல்லாம் இருக்கிறது, அதே வருஷத்தில் அதே ஊரில் அதே மாதிரிச் சுருக்கங்கள் வேறு பலவும் கிடைக்கின்றன, அங்கிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறது.

சங்கிலி இதைவிடத் தெளிவாக இருக்கும் ஒரு சொல் பாய்காட். அது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பாய்காட், கேப்டன் என்று அழைக்கப்பட்டவர், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் லார்டு எர்ன் என்ற பிரபுவின் நிலத்துக்கு ஏஜெண்டாக இருந்தார். நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு, குத்தகை வசூலிக்க நடுவில் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1879, 1880 வாக்கில் விளைச்சல் மோசம். பிரபு குத்தகையில் பத்து சதவீதம் குறைக்கச் சம்மதித்தார், குத்தகைக்காரர்கள் இருபத்தைந்து கேட்டார்கள், அவர் மறுத்தார், பாய்காட் சில குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் கொண்டுபோனார்.

இதற்குச் சில நாட்கள் முன்பு, 1880 செப்டம்பர் 19ஆம் தேதி, என்னிஸ் நகரில் அயர்லாந்துத் தலைவர் சார்லஸ் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் போய் எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். சுட்டுக் கொல்லுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் அவர், தெருவில், கடையில், சந்தையில், கோயிலில் எங்கே பார்த்தாலும் அவனோடு பேசாதீர்கள், தனியாக விட்டுவிடுங்கள். மேயோ மக்கள் அதை அப்படியே பாய்காட் மேல் செய்துகாட்டினார்கள். பண்ணையாட்கள் வேலையை விட்டுப் போனார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை, துணி வெளுக்க ஆள் இல்லை, தபால் கொண்டுவரும் பையனும் நின்றுவிட்டான். வயலில் உருளைக்கிழங்கும் டர்னிப் கிழங்கும் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. பாய்காட் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விஷயம் ஊரறிந்தது. வட மாவட்டங்களிலிருந்து 50 ஆட்கள் அறுவடைக்கு வந்தார்கள், அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் வந்து இறங்கினார்கள். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலை எடுக்க அரசுக்கு 10,000 பவுண்டு செலவானதாக அப்போதே கணக்குச் சொன்னார்கள். டிசம்பர் பிறந்தபோது பாய்காட் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

பெயரைச் சொல்லாக்கியவர் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி என்று, அவரோடு பேசிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். விலக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த கனமான சொல் குடியானவர்களுக்குப் புரியாது, அவன் பெயரையே வைத்து பாய்காட் பண்ணுவோம் என்று சொல்லலாமே என்றாராம் பாதிரியார். நவம்பர் மாதமே அது டைம்ஸில் வினைச்சொல்லாக வந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் என்று மொழி மொழியாகப் போனது. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து அன்னியத் துணியைத் தள்ளியபோது இந்தியாவும் அதே சொல்லைத்தான் கையில் எடுத்தது.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு நம் ஊர்க்கட்டுப்பாடு நினைவுக்கு வரும். தண்ணி கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே, நல்லது கெட்டதுக்குப் போகாதே என்று ஒரு குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளிவைப்பது. செய்கை ஒன்றுதான். ஆனால் நம் ஊரில் அது பெரும்பாலும் வலுத்தவர்கள் இளைத்தவர்மேல் போட்டது, மேயோவில் நிலமில்லாதவர்கள் நிலத்தின் அதிகாரத்துக்கு எதிராகப் போட்டது. அந்த வித்தியாசத்தால்தான் அது உலகத்துக்கே ஒரு போராட்ட முறையாகப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

கணினிப் பிழைக்கு பக், அதாவது பூச்சி, என்ற பெயர் ஒரு நிஜப் பூச்சியால்தான் வந்தது என்ற கதையும் அநேகருக்குத் தெரிந்திருக்கும், அதில் பாதி உண்மை. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி ஹார்வர்டின் மார்க் டூ இயந்திரத்துக்குள் ஒரு விட்டில்பூச்சி மாட்டிக்கொண்டது, அதை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டினார்கள், அந்த ஏடு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் பூச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் எழுதிவைத்ததைப் படித்துப் பார்க்க வேண்டும், நிஜமாகவே பூச்சி அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருக்கிறார்கள். பழுதுக்குப் பூச்சி என்ற பெயர் முன்பே வழக்கில் இருந்தால்தானே நிஜமாகவே என்ற சொல்லுக்கு வேலை? தாமஸ் எடிசன் 1878இல் எழுதிய கடிதத்திலேயே இயந்திரத்தின் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்கிறார்.

கொட்டும் மழைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடருக்கு விளக்கமாக 1999 வாக்கில் ஒரு மின்னஞ்சல் உலகம் சுற்றியது. பழைய இங்கிலாந்தில் கூரை வீடுகளின் மேல் நாயும் பூனையும் படுத்திருக்குமாம், மழையில் வழுக்கி விழுமாம். கூரை வீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள். மழை வந்தால் நாய் திண்ணைக்கு வரும், பூனை அடுப்படிக்குப் போகும், கூரைமேல் ஏறாது.

அப்புறம், நம் பக்கத்துக்கும் வர வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அதற்கும் காகிதம் இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரத்தை அதே பெயரில் எழுதியிருக்கிறார். இன்று மேல்நாட்டில் கேட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு, மரத்தைக் கட்டிய கயிறு பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுருட்டு செரூட் ஆனது, குருந்தம் என்ற கல் கொரண்டம் ஆனது, மிளகுத்தண்ணீர் முல்லிகடானி சூப் ஆனது. 1886இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இன்னொரு தகவலும் கிடைக்கிறது. சென்னை ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற ராஜதானிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் முல். மிளகுத்தண்ணீரின் சுருக்கம் அது.

இவ்வளவு இருக்க, ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் எய்ட் என்பது எட்டிலிருந்து வந்தது, கில் என்பது கொல்லிலிருந்து வந்தது என்று பட்டியல் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்கிறார்கள், அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் எட்டைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்சாண் என்கிறோம், கன்னடத்தில் எண்டு என்கிறார்கள், நம் சொல்லின் அடி எண். எய்ட்டைப் பின்னோக்கி நடத்தினால் பழைய ஆங்கிலத்தில் எயஹ்தா, ஜெர்மனில் அக்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. இரண்டும் இன்று பக்கத்தில் நிற்கின்றன, ஆயிரம் வருஷம் பின்னால் போனால் விலகிப்போகின்றன. உண்மையான உறவாக இருந்தால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும்.

கேஷ் என்ற சொல்லில் இது இன்னும் நுட்பமாக இருக்கிறது. காசுதான் கேஷ் ஆனது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது, கடைக் கல்லாவை நாம் சொல்வது மாதிரி. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷும் உண்டு. அது போர்த்துகீசியர் வாய்வழியாகப் போன நம் காசேதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சில்லறையைக் கம்பெனிக் கணக்கர்கள் கேஷ் என்றே பதிந்தார்கள். கோட்டைக்குள் ஒரே பேரேட்டில் இரண்டு கேஷும், ஒரே எழுத்துக்கூட்டலில், பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அவற்றை இன்றுவரை இரண்டு தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது.